எடை குறைக்க மூலிகைக் காப்சூலும் வைட்டமினும் உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 42, எடை 84 கிலோ. தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்ஸின் சாப்பிட்டு வருகிறேன். எடை குறைய, கிரீன் டீ சாறும் குடம்புளிச் சாறும் சேர்ந்த காப்சூலையும் ஒரு மல்டி வைட்டமின் மாத்திரையையும் தோழி சாப்பிடச் சொல்கிறார். சாப்பிடலாமா?

பதில்: காப்சூல் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. குடம்புளியில் உள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் என்று சொல்லப்பட்டாலும், மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் எடை குறைந்தது மிகச் சொற்பமே. கிரீன் டீ சாற்றின் நிலையும் ஏறக்குறைய இதுதான். எனக்குக் கவலை தருவது கல்லீரல். இவ்விரண்டு சாறுகளாலும் கல்லீரல் அழற்சி ஏற்பட்டவர்கள் உண்டு. கிரீன் டீயில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருளை மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தெரிவித்தது. கோப்பையில் வடித்துக் குடிக்கும் கிரீன் டீயைப் பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

புட்டியைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு மூலிகையின் அளவையும் தனித்தனியே சொல்லாமல், 'மூலிகைக் கலவை' என்று மொத்தமாக ஒரே எண்ணைப் போட்டிருந்தால், எதை எவ்வளவு விழுங்குகிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-ல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ராமின் மருந்து, மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட எடைக்குறைப்பு மாத்திரைகளில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

வைட்டமின் மாத்திரையால் எடை குறையாது. பி12, டி போன்றவை குறைவாக இருந்தால், அந்தக் குறையைச் சரிசெய்ய மட்டுமே அது தேவை. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதிலுள்ள இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் கூடுதலாக இருந்தால், ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு பொய்யாகக் குறைந்து, தைராய்டு மருந்து அதிகமாகிவிட்டதைப் போலக் காட்டக்கூடும். அதை நம்பி மருந்தின் அளவைக் குறைத்துவிட்டால், களைப்பும் எடையும் கூடிக்கொண்டே போகும். ஆகவே பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள்.

முதலில் டி.எஸ்.எச். அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், உணவையும் நடையையும் சீராக்கி, ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைப்பதை இலக்காக வையுங்கள். அந்த அளவு குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியும். காப்சூலை ஏற்கெனவே தொடங்கியிருந்து, சிறுநீர் அடர் நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ, உடனே நிறுத்திவிட்டு, புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.