டீச்சரைக் கேளுங்கள்: சிமிலியும் மல்லிப்பூ இட்லியும்

கேள்வி: டீச்சர், நான் பீடி சுற்றுகிறவள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மகள் எட்டாவது வரை தமிழ் மீடியம், இந்த வருஷம் ஒன்பதாவதில் இங்கிலீஷ் மீடியம். ப்ரிபோசிஷன், சிமிலி, மெட்டஃபர் என்று ராத்திரி பத்து மணி வரை உருப்போடுகிறாள். காலையில் மறந்துபோய் அழுகிறாள். டியூஷனுக்கு வசதி இல்லை. நான் என்ன செய்ய?
– வாசகி, முக்கூடல்

தங்கச்சி, டியூஷன் வேண்டாம். சொளகை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் பேசுகிற பேச்சு போதும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் 31 வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

‘இட்லி மல்லிப்பூ மாதிரி இருக்கு’ என்று நீங்கள் சொன்னால் அது சிமிலி. தமிழ் வகுப்பில் உவமை என்று அவள் படித்ததுதான். நாம் ‘மாதிரி’, ‘போல’ போடுகிற இடத்தில் இங்கிலீஷ்காரர்கள் ‘லைக்’ அல்லது ‘அஸ்’ போடுவார்கள். ‘இவ எங்க வீட்டு விளக்கு’ என்றால் அங்கே ‘மாதிரி’ கிடையாது, பிள்ளையையே விளக்காக்கிவிட்டீர்கள். அது மெட்டஃபர், உருவகம். ‘ஆயிரம் தடவை கூப்பிட்டாச்சு’ என்பது ஹைபர்போலி, உயர்வு நவிற்சி. ‘இந்த வருஷம் சாரல் எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டு’ என்கிறோமே, சாரலுக்கு ஏது கண்ணும் காலும்? அது பர்சானிஃபிகேஷன். பத்து நாளைக்கு வீட்டில் நீங்களும் ஆச்சியும் பேசுகிறதை அவள் ஒரு நோட்டில் எழுதட்டும். எதிரே அதன் இங்கிலீஷ் பெயரையும் எழுதட்டும். பொருள் முதலில் கையில் இருந்தால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். வெறும் பெயரை உருப்போட்டால் விடிவதற்குள் போய்விடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பர்சானிஃபிகேஷனுக்குத் தமிழில் தற்குறிப்பேற்ற அணி என்று சில கைடுகளில் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. அது இயல்பாக நடப்பது. கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று கை காட்டித் தடுப்பதாகப் புலவர் தம் கருத்தை அதன்மேல் ஏற்றுகிறார். அப்படி ஏற்றினால்தான் தற்குறிப்பேற்றம். பர்சானிஃபிகேஷனுக்கு அது தேவையில்லை. மனிதர் அல்லாததை மனிதர்போல நடமாட விட்டாலே போதும்.

அப்புறம், அவளைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்தால் ‘சிமைல்’, ‘ஹைபர்போல்’ என்றுதான் வாசிக்கத் தோன்றும். நான் பள்ளியில் ‘ஹைபர்போல்’ என்று வாசித்தபோது வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அந்த வருஷம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் சிரிக்க யாரும் இல்லை. அந்தத் திண்ணைதான் அவளுக்கு நல்ல வகுப்பறை.

ப்ரிபோசிஷன் கொஞ்சம் சிரமம்தான், காரணம் இருக்கிறது. ‘ப்ரி’ என்றால் முன்னால். இங்கிலீஷில் ‘இன்’, ‘ஆன்’ மாதிரிச் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். நமக்கோ ‘இல்’ மாதிரி வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த வேறுபாட்டையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவர் தம் மொழியை வைத்து நம் மொழியைப் புரிந்துகொண்டார். உங்கள் மகள் அதே பாதையில் எதிர்ப்பக்கமிருந்து நடக்கட்டும். நம்முடைய ஒரே ‘இல்’ அங்கே பலவாகப் பிரியும். பையில் என்றால் ‘இன் தி பேக்’, சுவரில் என்றால் ‘ஆன் தி வால்’, வீட்டில் என்றால் ‘அட் ஹோம்’, பஸ்ஸில் வந்தேன் என்றால் ‘பை பஸ்’. தனித்தனிச் சொல்லாகப் படிக்காமல் இப்படி ஜோடியாகவே படிக்க வேண்டும். நீங்கள் ‘சுவரில்’ என்று சொல்லுங்கள், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லட்டும். இலை வெட்டிக்கொண்டே இதைச் செய்யலாம். அவள் சொன்னது சரியா என்று பார்க்க அவளுடைய நோட்டு இருக்கிறது.

கேள்வி: ‘எ’ எங்கே வரும், ‘அன்’ எங்கே வரும்? ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துக்கு முன்னால் ‘அன்’ என்றுதான் எழுதினேன். ‘யூனிவர்சிட்டி’க்கு மார்க் போய்விட்டது.
– மாணவன், வள்ளியூர்

தம்பி, நீ எழுத்தைப் பார்த்தாய், கேட்க வேண்டியது ஓசையை. தமிழில் உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, மற்றதற்கு ‘ஒரு’ என்று படித்திருப்பாய். ஓர் ஊர், ஒரு வீடு. அதே கணக்குதான் இதுவும். சந்தேகம் வந்தால் அந்த இங்கிலீஷ் சொல்லை, காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பார். ‘யூனிவர்சிட்டி’ என்று எழுதினால் முதலில் நிற்பது ‘யூ’, உயிர்மெய். அதனால் ‘எ’. ‘யூனிஃபார்ம்’ என்பதற்கும் அதுவே. மணிக்கணக்கைக் குறிக்கிற ‘அவர்’ இங்கிலீஷில் ஹெச் என்ற எழுத்தில் தொடங்கினாலும் காதில் விழுவது ‘அ’. அதனால் ‘அன்’. ‘எம்எல்ஏ’வுக்கும் ‘அன்’தான், எம் என்ற எழுத்தைச் சொல்லும்போது ‘எ’ முதலில் வருகிறது. ஒரு ரூபாய் நாணயத்துக்கு வரும் ‘ஒன்’ மட்டும் ஏமாற்றும். நாம் ‘ஒன்’ என்று எழுதினாலும் இங்கிலீஷில் ஒலிப்பது ‘வன்’. ஆகவே அங்கே ‘எ’.