முழுவதையும் திருப்பி எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டெல்டாவில் உள்ள சில அரிசி ஆலைகளின் நெல் கொள்முதல் கணக்கு எங்கள் மென்பொருளில் ஓடுகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஈரமான நெல்லுக்குப் பிடித்தம் செய்யும் ஈரப்பதக் கழிவுக் கணக்கு எடைச் சீட்டில் ஒரு முறை, பில்லில் ஒரு முறை, அறிக்கைகளில் ஒரு முறை என்று சிதறிக் கிடக்கிறது. எல்லா இடத்திலும் 17 என்ற எண். ஓரிடத்தில் மட்டும், குறிப்பிட்ட தேதிகளுக்குள் என்றால் 20. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ரூபாயைக்கூடப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எடை, ஈரப்பதம், பில், பட்டுவாடா என நான்கு தனிச் சேவைகளாக, அதாவது தனித்தனியாக ஓடி நெட்வொர்க் வழியே பேசிக்கொள்ளும் நான்கு நிரல்களாக, எழுத விரும்புகிறேன். முதலாளி தயங்குகிறார். உங்கள் கருத்து என்ன?

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

உங்கள் எரிச்சல் நியாயமானது. ஒரே கணக்கை மூன்று இடத்தில் எழுதிய நிரலோடு தினமும் மல்லுக்கட்டுவது மனிதரைச் சோர்வடையச் செய்யும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டம் அந்த நோயைத் தீர்க்காது.

1972இல் டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிஞர், ஒரு நிரலைப் பகுதிகளாகப் பிரிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சிறிய அகரவரிசைப் பட்டியல் நிரலை எடுத்துக்கொண்டு அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதத்தில் வேலை நடக்கும் வரிசையே பிரிவாகிறது: உள்ளீடு, வரியின் சொற்களைச் சுழற்றல், வரிசைப்படுத்தல், அச்சு. இரண்டாவது விதத்தில், பிற்பாடு மாறக்கூடிய ஒவ்வொரு முடிவும் ஒரு பகுதிக்குள் ஒளிந்துகொள்கிறது. வரிகளைச் சேமிக்கும் முறை மாறினால் முதல் விதத்தில் எல்லாப் பகுதியிலும் கை வைக்க வேண்டும். இரண்டாவதில் ஒன்றில் மட்டும். உங்கள் நான்கு சேவைகளும் அந்த முதல் விதம்தான். நெல் ஆலைக்குள் நுழைந்து பணமாக வெளியே வரும் வழியைத்தான் பிரித்திருக்கிறீர்கள்.

உங்கள் தொழிலில் மாறுவது எது? குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. பின்னாலேயே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. சாலையில் காயப்போட்ட நெல் நனைகிறது. அரசுக் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை கெடுத்த பருவங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்துவது உண்டு. அந்த ஓர் எண் மாறும்போது உங்கள் ஈரப்பதச் சேவை மாறும், பில் மாறும், எடைச் சீட்டில் அச்சாகும் கழிவும் மாறும். இன்று மூன்று கோப்புகளில் இருக்கும் தொல்லை நாளை மூன்று சேவைகளில் இருக்கும். நடுவில் நெட்வொர்க் வேறு.

கழிவு விதியை ஓர் அட்டவணைக்குக் கொண்டுபோங்கள். எந்த ஆலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வரம்பு எவ்வளவு, மேலே போனால் கழிவு எவ்வளவு. நெல் வந்த தேதியைக் கொடுத்தால் கழிவைச் சொல்லும் ஒரே ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலுக்குள் ஒரு சிறு பகுதி, போதும். சீட்டு, பில், அறிக்கை எல்லாம் அதைத்தான் கேட்க வேண்டும். போன ஆண்டு பில்லை ஒரு விவசாயி திரும்பக் கேட்டால், அன்றைய விதிப்படி அதே தொகை வர வேண்டும். அது அவருடைய பணம். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

அந்த 20ஐ நீக்கிவிடாதீர்கள். அந்தத் தேதிகளை எடுத்துக்கொண்டு ஆலைக் கணக்குப்பிள்ளையிடம் போங்கள். அநேகமாக மழை பெய்த ஒரு பருவமாக இருக்கும். தெரிந்ததும் அட்டவணையில் காரணத்தோடு ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

பைசா விஷயத்தில் அவர் செய்ததுதான் சரி. பத்துப் பைசாவை, அதாவது 0.1 ரூபாயை, கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டது) முடிவாக எழுத முடியாது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பல மொழிகளில் 0.30000000000000004 வருவது அதனால்தான். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் முறை இது. மழை பெய்த ஒரு பருவம், பெய்யாத ஒரு பருவம் என இரண்டின் பில்களையும் எடுங்கள். பழைய நிரல் தந்த தொகையையும் புதிய ஃபங்ஷன் தரும் தொகையையும் ஒவ்வொரு பில்லாக ஒப்பிடுங்கள். ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் விடாதீர்கள்; பைசாவின் பின்னத்தைப் பில்லின் ஒவ்வொரு வரியிலும் முழு எண்ணாக்கினாரா, மொத்தத்தில் மட்டும் முழு எண்ணாக்கினாரா என்பது அங்கேதான் தெரியவரும். தொகைகள் ஒத்துப்போன பிறகு பில்லை மாற்றுங்கள், அப்புறம் சீட்டு, கடைசியில் அறிக்கைகள். இடையில் எந்த நாளிலும் ஆலையின் கணக்கு நிற்கக் கூடாது. நெட்ஸ்கேப் தன் உலாவியின் பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுதியபோது, 6ஆம் பதிப்பு 2000இன் இறுதியில்தான் வெளிவந்தது. அதற்குள் மைக்ரோசாப்ட் சந்தையைப் பிடித்துவிட்டது. உங்கள் முதலாளியின் தயக்கத்தில் அர்த்தம் இருக்கிறது.

குறுவை நெல் வர ஆரம்பித்த பிறகு இந்த நிரலில் கை வைக்காதீர்கள். ஆகஸ்டுக்குள் முடியாவிட்டால் தை அறுவடையும் போகட்டும், கோடையில் தொடருங்கள். அதற்கு முன் ஒரு வேலை. விட்டுப் போனவரின் எண் அலுவலகத்தில் யாரிடமாவது இருக்கும். கூப்பிட்டுப் பேசுங்கள். பைசாவை முழு எண்ணாக வைத்தவர், அந்த 20ஐயும் யோசிக்காமல் எழுதியிருக்க மாட்டார்.