“எலும்பா இருக்கா, ஆனா குண்டுன்னு அழறா”: அனோரெக்சியா பற்றிக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு உணவுக் கோளாறுகளைப் பார்க்கும் உளவியலாளர் பதில் சொல்கிறார். அனோரெக்சியா என்பது உடம்பு ஆபத்தான அளவு மெலிந்த பிறகும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோய். கேள்விகளில் இருந்த எடை, கலோரி எண்களை எடுத்துவிட்டோம். இதைப் படிப்பவர்களில் இந்த நோய் உள்ளவர்களும் இருப்பார்கள்; அந்த எண்கள் அவர்களுக்குப் போட்டியாகிவிடும்.

லாஸ்பேட்டை அம்மா: பொண்ணுக்கு 16 வயசு மேடம். தோள் எலும்பு துருத்திட்டு நிக்குது. கண்ணாடி முன்னாடி நின்னு “தொடை எப்படிப் பெருத்திருக்கு பாரு”ன்னு அழறா. நெஜமாவே அப்படித் தெரியுதா, இல்ல பிடிவாதமா?

பிடிவாதம் இல்லைம்மா. ஆனால் கண்ணில் மட்டும் இருக்கிற கோளாறும் இல்லை.

2013-இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வந்தது. அனோரெக்சியா உள்ள பெண்களையும் மற்ற பெண்களையும் வெவ்வேறு அகலத் திறப்புகள் வழியாக நடக்கச் சொன்னார்கள். நடப்பவர்களின் கவனத்தை வேறு வேலையில் திருப்பி வைத்திருந்தார்கள். மற்ற பெண்கள், திறப்பு தோள் அகலத்தைவிட 25 சதவீதம் கூடுதல் என்ற அளவுக்குக் குறுகிய பிறகே தோளைத் திருப்பினார்கள். அனோரெக்சியா உள்ளவர்கள் 40 சதவீதம் கூடுதல் இடம் இருக்கும்போதே திருப்பிவிட்டார்கள். யோசிக்காமல் நடக்கும்போதும் உடம்பு தன்னைப் பெரிதாகவே கணக்கிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2018-இல் ஜெர்மனியில் கணினியில் உருவாக்கிய முப்பரிமாண உருவங்களைக் காட்டி, “இதில் உன் உடம்பு எது?” என்று கேட்டார்கள். அனோரெக்சியா உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே ஓரளவு சரியாகச் சொன்னார்கள். “எப்படி இருக்க ஆசை?” என்று கேட்டபோதுதான் மிக மெலிந்த உருவத்தைக் காட்டினார்கள். ஆக, பார்வையைவிட அந்த உடம்புக்கு அவர்கள் தரும் மதிப்பும் பயமும்தான் பெரிய சிக்கல்.

அதனால் போட்டோ காட்டி வாதாடுவதில் பயனில்லை. “எலும்புக்கூடு மாதிரி இருக்க” என்பது அவள் காதில் பாராட்டாக விழும். “இப்ப நல்லா தேறிட்ட” என்பது “குண்டாயிட்ட” என்று கேட்கும். உடம்பைப் பற்றிய பேச்சையே விடுங்கள். “உனக்கு அப்படித் தோணுறது கஷ்டமா இருக்குன்னு புரியுது. சாப்பாடு எடுத்து வச்சிட்டேன், வா, ஒண்ணா உட்காரலாம்” என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

நெல்லிக்குப்பம் அண்ணன்: மாத்திரை கொடுத்தா இந்த நெனப்பு போயிடுமா?

போகாது. பெரும்பாலோருக்கு இது முழு மனப்பிரமை இல்லை. “மத்தவங்க ஒல்லின்னு சொல்றாங்க, அது தெரியும், ஆனா...” என்று இழுப்பார்கள். சிலருக்குத்தான் எள்ளளவும் அசையாத பிரமையாக இறுகியிருக்கும். ஓலன்சபின் என்ற மனநல மாத்திரை எடை கூடச் சற்று உதவலாம். நம்பிக்கையை அது பெரிதாக மாற்றுவதில்லை. எடை மிகக் குறைவாக இருக்கும்போது மனச்சோர்வு மாத்திரைகளும் சரியாக வேலை செய்வதில்லை.

பண்ருட்டி வாசகி: தங்கச்சி குண்டுங்கிற பேச்சையே எடுக்கல. “ரெண்டு இட்லிக்கே நெஞ்சு வரைக்கும் நிக்குது, ஒரே கேஸ்”னுதான் சொல்றா. எண்டோஸ்கோப்பி நார்மல். இதுவும் அதுவா?

இருக்கலாம். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1993-இல் எழுதிய ஆய்வில், 70 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் குண்டாகும் பயத்தைச் சொல்லவே இல்லை. வயிறு நிறைகிறது, பசியில்லை என்றார்கள். நம் ஊரிலும் இப்படி வருபவர்கள் உண்டு. வயிற்று டாக்டர், ஸ்கேன், சீரக கஷாயம் என்றே மாதங்கள் ஓடிவிடும்.

அவள் நடிக்கவில்லை. பட்டினியில் இரைப்பை காலியாவது மெதுவாகிறது, அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். முறையாகச் சாப்பிட்டால்தான் அது சரியாகும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி என்று பிரித்துக் கொடுங்கள். அதற்கு முன் தைராய்டு, சர்க்கரை, காசநோய், சீலியாக் (கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) ஆகியவை இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரி கல்லூரி மாணவி, 22: எடை கம்மின்னு எனக்கே தெரியும்க்கா. ஆனா சாப்பிட்டு முடிச்ச உடனே குண்டாயிட்ட மாதிரி இருக்கு. வயித்தைக் கிள்ளிப் பார்க்காம இருக்க முடியல.

கிள்ளிப் பார்ப்பதுதான் அந்த நெனப்புக்குத் தீனி. ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் யாருக்கும் அது பெரிதாகத்தான் தெரியும். இரண்டு நாள் மட்டும் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை முறை கிள்ளினீர்கள், மணிக்கட்டை அளந்தீர்கள், கண்ணாடி பார்த்தீர்கள், அதற்குப் பிறகு மனம் எப்படி இருந்தது. கிள்ளுவது, அளப்பது இரண்டையும் முழுதாக நிறுத்தப் பாருங்கள். கண்ணாடி தலைவாரவும் உடுத்தவும் போதும். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை, சிகிச்சை தருபவர் முன்னால் மட்டும்.

“குண்டாயிட்டேன்” என்று தோன்றும் உச்ச நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் உடம்பு பெருக்காது. ஆனால் இந்த உணர்வு மணிக்கு மணி மாறும். அப்படியானால் அது வேறு ஏதோ ஒன்று. வயிறு நிறைந்தது, வேர்த்துக் கசகசப்பது (நம் கடற்கரைப் புழுக்கத்தில் இது ரொம்பச் சகஜம்), மாதவிலக்குக்கு முந்தைய உப்புசம், யாரோ பேசியதில் வந்த கோபம், சும்மா அலுப்பு. கொஞ்ச நாளில் எது எதுவென்று தெரிந்துவிடும்.

அடுத்தது ஒப்பிடுவது. கூட்டத்தில் ஒல்லியானவர்களைத்தான் உங்கள் கண் பொறுக்கி எடுக்கும். மாலையில் வண்டி விடாத நேரத்தில் பீச் ரோட்டில் உட்காருங்கள். உங்கள் வயதுப் பெண்களில் எதிரே வரும் ஒவ்வொரு மூன்றாவது ஆளை மட்டும் கவனியுங்கள், அவர் யாராக இருந்தாலும் சரி. எத்தனை விதமான உடம்புகள் என்று தெரியும். நடந்துகொண்டே செய்யாதீர்கள், அது உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிடும்!

கண்ணாடி முன் நின்று தலை முதல் கால்வரை தீர்ப்புச் சொல்லாமல் விவரிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. அதைத் தனியாகத் தொடங்க வேண்டாம். எடை ஓரளவு தேறிய பிறகு, சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்வது அது.

மஞ்சக்குப்பம் அப்பா: இப்ப சாப்பிடறா. ஆனா வயிறு மட்டும் முன்ன வருது, “சொன்னேன் பாத்தீங்களா”ங்கறா. இந்த நெனப்பு எப்பதான் போகும்?

எடை திரும்பும்போது கொழுப்பு முதலில் வயிறு, இடுப்புப் பக்கம்தான் சேரும். சரியான எடையில் ஏறக்குறைய ஒரு வருடம் நிலைத்தால் அது பரவிச் சமமாகும். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 1944–45-இல் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்கள் ஆய்வுக்காக அரைப்பட்டினி கிடந்தார்கள். மீண்டு வரும்போது அவர்களிலும் சிலர் வயிறு தொளதொளப்பதாகக் குறைப்பட்டார்கள்.

நம்பிக்கைதான் கடைசியில் தளரும். “முதல்ல மனசு மாறட்டும், அப்புறம் சாப்பிடட்டும்” என்று காத்திருப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. பட்டினி கிடக்கும் மூளைக்கு நெகிழ்ந்து யோசிக்க வராது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான குடும்பச் சிகிச்சையில் பெற்றோர்தான் தட்டில் பரிமாறி, முடியும்வரை உடன் உட்காருகிறார்கள். எடை தேறத் தேறப் பொறுப்பைப் பிள்ளையிடம் திருப்பித் தருகிறார்கள்.

வில்லியனூர் பரதநாட்டிய ஆசிரியை: மாணவி ஒருத்தி ரொம்ப மெலிஞ்சிட்டா. ஆட விடலாமா?

டாக்டர் எழுதித் தரும்வரை வேண்டாம். தாளம் போடவும் பாடவும் வகுப்புக்கு வரட்டும். யாருடைய இடுப்பைப் பற்றியும் வகுப்பில் பேசாதீர்கள்.

பலர் கேட்டது: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பகலில் ஓய்வாக இருக்கும்போது நாடி 50-க்குக் கீழே போனால், மயங்கி விழுந்தால், எழுந்தால் கண் இருட்டினால், நெஞ்சு படபடத்தால், தண்ணீரையும் மறுத்தால், சாக வேண்டும் என்று பேசினால், அன்றைக்கே போங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. நாடி, மயக்கம் என்றால் நேரே அவசரப் பிரிவு. யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்; தமிழிலேயே பேசலாம்.

நீண்ட பட்டினிக்குப் பிறகு பயந்துபோய் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பு தவறலாம். தொடங்கும் முன்பும் முதல் ஓரிரு வாரங்களும் இந்த மூன்றையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். தயமின் (வைட்டமின் பி1) முதலிலேயே கொடுப்பார்கள். கால் வீங்கினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.