மிகவும் எதிர்பார்த்துப் போய் உங்களை ஏமாற்றிய ஆங்கிலப் படம் எது?

கேள்வியைப் படித்தாலே தெரிகிறது, யாரோ "செம படம், மிஸ் பண்ணிடாத" என்று சொன்னதை நம்பிப் போய் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தனியாகப் போயிருந்தால் தப்பித்தீர்கள். நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

படம் ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’. குவென்டின் டாரன்டினோ எடுத்தது. 2016 பொங்கல் லீவில் சென்னையில் பார்த்தோம்.

அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் ஒரு வார்த்தை. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள் இல்லை நான். ‘கில் பில்’ இரண்டு பாகத்தையும் ஹாஸ்டலில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவன். ‘ஜாங்கோ’ பிடித்திருந்தது. அதற்கெல்லாம் முன்பே லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கௌபாய் கதைகள் படித்து வளர்ந்தவன். திருமங்கலத்தைத் தாண்டி எதுவும் தெரியாத வயதிலேயே அரிசோனாவும் நவஹோ செவ்விந்தியர்களும் எனக்கு அத்துப்படி. அதனால் "உனக்கு கௌபாய் படம் பிடிக்காது, அதான்" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம்.

அந்தப் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா தச்சர், மதுரையில் சின்னதாக ஒரு மரப்பட்டறை. இளவயதில் வேலை முடிந்ததும் மரத்தூள் படிந்த சட்டையோடு நேராக ஸ்டேஷன் பக்கம் ரீகலுக்குப் போய்விடுவாராம். விக்டோரியா எட்வர்ட் மன்றத்துக்குள் இருந்த தியேட்டர். பகலில் வாசகசாலை, சாயங்காலம் ஆனால் இங்கிலீஷ் படம். அப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. "குதிரைக்கும் துப்பாக்கிக்கும் எதுக்குடா இங்கிலீஷு" என்பார். ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறார். கடைசியில் பள்ளத்தாக்கே இடிந்து விழுவதை இன்றைக்கும் இரண்டு கையையும் தூக்கி நடித்துக் காட்டுவார்.

அந்த வருஷம் என் மனைவிக்கு ஏழு மாதம் என்பதால் அப்பா அம்மா பொங்கலுக்குச் சென்னை வந்திருந்தார்கள். நான் பல நாளாக இந்தப் படத்தைப் பற்றிப் படித்துக் குவித்து வைத்திருந்தேன். அல்ட்ரா பானாவிஷன் 70 என்ற அகன்ற திரை முறையில் 1966-ல் வந்த ‘கார்ட்டூம்’ படத்துக்குப் பிறகு யாருமே படம் எடுக்கவில்லை. அதைத் தூசி தட்டி, ‘பென்-ஹர்’ எடுத்த லென்ஸ்களையே மாட்டி, கொலராடோ பனிமலையில் எடுத்திருக்கிறார்கள். இசை, பழைய கௌபாய் படங்களுக்கு இசை போட்ட என்னியோ மோரிகோனி. இதைவிட அப்பாவுக்கு என்ன வேண்டும்? கேமரா, லென்ஸ் என்று எல்லாம் படித்தவன், கதை என்ன என்று மட்டும் படிக்கவில்லை. தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடுமாம்!

உண்மையில் அப்பா கேட்டது ‘தாரை தப்பட்டை’. இளையராஜாவின் ஆயிரமாவது படம் என்று பேப்பரில் பார்த்திருந்தார். "வேணாம்பா, பாலா படம், ஒரே ரத்தமா இருக்கும்" என்று தடுத்தது சாட்சாத் நானேதான். அம்மாவும் மனைவியும் விவரமாக ‘ரஜினி முருகன்’ போய்விட்டார்கள்.

படத்துக்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் விடமாட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை. நேரத்துக்கு ஏதாவது சாப்பிட வேண்டும் என்று அம்மா ஒரு டிபன் பாக்ஸில் சுண்டல் போட்டுக் கொடுத்திருந்தார். மால் தியேட்டர் வாசலில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சர்க்கரை, மாத்திரை என்று எவ்வளவு சொல்லியும் "உள்ள வாங்கிக்கோங்க சார்" என்பதே பதில். டிக்கெட் 120 ரூபாய், உள்ளே பாப்கார்ன் அதைவிட அதிகம். சர்க்கரைக்காரருக்குச் சுண்டல் கூடாது, கேரமல் பாப்கார்ன் கூடுமாம். படம் முடிந்து வந்தபோது பாக்ஸ் இருந்தது, மூடி இல்லை. அம்மா இன்னும் அந்த மூடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

படத்துக்கு வருகிறேன். முதல் அரை மணி நேரம் அப்பா சீட்டு நுனியில். ஆறு குதிரை பூட்டிய கோச் வண்டி பனியைக் கிழித்துக்கொண்டு வருகிறது, மோரிகோனி மிரட்டுகிறார். படம் அவ்வளவு அகலம் என்பதால் நம் தியேட்டர் திரையில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை, அது பரவாயில்லை. பிறகு வண்டி மின்னி என்பவளின் சத்திரத்துக்கு வந்து நிற்கிறது. குதிரைகளை லாயத்தில் கட்டுகிறார்கள். அவ்வளவுதான். மொத்தம் 168 நிமிடப் படத்தில் மிச்சம் முக்கால்வாசி அந்த ஒரே அறை, ஒரே பேச்சு. அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, குதிரை இனி வெளிய வராதா?"

அந்தச் சத்திரத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்திருக்கும். வருகிறவனெல்லாம் உதைத்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே வந்ததும் பலகையை வைத்து ஆணி அடித்து மூட வேண்டும், ஆணி அடி என்று உள்ளே இருப்பவர்கள் ஒரே குரலில் கத்துவார்கள். அப்பாவுக்கு மொத்தப் படத்திலும் பிடித்த விஷயம் அந்தக் கதவுதான். "குறுக்க ஒரு கட்டையப் போட்டா தீந்துச்சு. இத்தனை பேரு இருக்காய்ங்க, ஒருத்தனுக்கும் வேல தெரியல" என்று ஒவ்வொரு தடவையும் முனகினார்.

பேச்சுப் படம் என்பதால் நான் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அந்த இடம் வந்தது. கறுப்பின மேஜராக வரும் சாமுவேல் ஜாக்சன், எதிரில் உட்கார்ந்திருக்கும் கிழட்டு ஜெனரலிடம், உன் மகனைப் பனியில் எப்படி அம்மணமாக நடக்கவிட்டு, எப்படிக் கேவலப்படுத்திக் கொன்றேன் என்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். அது என்ன கேவலம் என்று இங்கே எழுதப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். "என்னடா சொல்றான்?" என்றார் அப்பா. "பையனக் கொன்னுட்டேன்னு சொல்றாருப்பா." "அதுக்கா இவ்வளவு நேரம்?" எனக்கு வியர்த்துவிட்டது. நான் பாப்கார்ன் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தேன், அது காலியாகி ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

அடுத்து விஷம் கலந்த காபி. குடித்த இரண்டு பேர் குடம் குடமாக ரத்தம் கக்குகிறார்கள். அதையாவது மேக்கப் என்று விட்டுவிடலாம். தூக்கில் போடுவதற்காக அந்தக் கோச் வண்டியில் கொண்டுவரும் ஒரு பெண் கைதியைத் தொடக்கத்திலிருந்தே அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். முழங்கையால் ஒரு இடி, துப்பாக்கியால் ஒரு அடி, சூடான குழம்பை முகத்தில் ஊற்றுவது. ஒவ்வொரு அடிக்கும் எங்கள் பின் வரிசை கெக்கேபிக்கே என்று சிரித்தது. அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பளைய எதுக்குடா இப்பிடி அடிக்கிறாய்ங்க, இதுல சிரிப்பு வேற" என்றார். அவள் நல்லவள் இல்லை, கொலைகாரி என்று நான் விளக்கம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே கூச்சமாக இருந்தது.

இப்போது "உனக்குப் படம் புரியல" கோஷ்டி வரும். புரிகிறது ஐயா. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தும் முடியாத காலம், வடக்கன், தெற்கன், கறுப்பன், வெள்ளையன் எல்லோரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டினால் என்ன ஆகும் என்பதுதான் படம். ஜாக்சன் பையில் வைத்திருக்கும் லிங்கன் கடிதம் பிரமாதமான விஷயம். வெள்ளைக்காரன் தன்னை மனுஷனாக மதிக்க வேண்டும் என்பதற்காக அவரே எழுதிக்கொண்ட பொய்க் கடிதம் அது. அந்த ஒரு கடிதத்துக்காகப் படத்தை மன்னிக்கலாம் என்றுகூடச் சில நாள் தோன்றும்.

என் பிரச்சினை ரத்தம் இல்லை. அந்த அறையில் யார் செத்தாலும் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதுதான். ‘அன்ஃபர்கிவன்’ (1992) பாருங்கள். வாய்ச்சவடால் அடித்துக்கொண்டு திரிந்த பொடியன், கழிப்பறையில் உட்கார்ந்திருப்பவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிறகு மரத்தடியில் குடித்துக்கொண்டே உடைந்து அழுவான். ஒரே ஒரு கொலைதான் செய்திருப்பான். எனக்கு இரண்டு நாள் அது மண்டைக்குள் ஓடியது. இங்கே கிட்டத்தட்ட எல்லோரும் சாகிறார்கள், நான் பார்க்கிங் டோக்கன் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்தியது. தரைப் பலகை இடுக்கில் ஒரு ஜெல்லி மிட்டாய் கிடக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று கடைசியில் பின்னோக்கிப் போய்க் காட்டுவார்கள். அன்று காலை அந்தச் சத்திரத்தில் மின்னியும் அவள் ஆட்களும் சிரித்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம்தான், வந்தவர்களே அவர்கள் எல்லோரையும் சுட்டுத் தள்ளிவிடுகிறார்கள். "இந்தப் பிள்ளைக பாவம்டா" என்றார் அப்பா. படத்தில் இருந்த மனுஷர்களே அவர்கள்தான், அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான்.

வெளியே வந்தால், எங்களுக்கு முன்பே வந்துவிட்ட அம்மாவும் மனைவியும் சூரி ஜோக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "உங்க படம் எப்படி?" என்று அம்மா கேட்டார். "கதவு நல்லாயிருந்துச்சு" என்றார் அப்பா.

அடுத்த மாதம் மோரிகோனிக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. 87 வயதில், போட்டியில் ஜெயித்த முதல் ஆஸ்கர். அப்பாவிடம் போனில் சொன்னேன். "மியூசிக் நல்லாத்தானே இருந்துச்சு, குடுக்கட்டும்" என்றார். அப்படியே கிதார் விஷயத்தையும் சொன்னேன். படத்தில் அந்தப் பெண் கைதி கிதார் வாசித்துக்கொண்டிருக்கும்போது, அவளைப் பிடித்துக் கொண்டுவருகிறவராக நடித்த கர்ட் ரஸ்ஸல் அதைப் பிடுங்கி அடித்து நொறுக்குவார். அது மார்ட்டின் கிதார் கம்பெனியின் மியூசியத்திலிருந்து இரவல் வாங்கி வந்த, 1870-களில் செய்த நிஜக் கிதார். உடைப்பதற்கு நகல் தனியாக இருந்திருக்கிறது, நடுவில் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது ரஸ்ஸலுக்குத் தெரியாமல் போய்விட்டது. நிஜத்தையே உடைத்துவிட்டார். அந்த நடிகை பதறிப்போய்ப் பார்க்கிறாரே, அது நடிப்பு இல்லை. படத்தில் அத்தனை பேர் செத்தார்கள், உண்மையில் செத்தது அந்தக் கிதார் ஒன்றுதான்.

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "அப்பா?" என்றேன்.

"என்ன மரம்டா அது?"

தெரியலப்பா என்றேன். இனிமேல் சினிமாவுக்கு எதையும் இரவல் கொடுப்பதில்லை என்று மியூசியத்தில் சொல்லிவிட்டார்களாம் என்றும் சொன்னேன்.

"அதான் நான் எவன் கேட்டாலும் இழைப்புளியக் குடுக்குறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா டிபன் பாக்ஸ் மூடியைக் கேட்டார்.