வீட்டுக் கடன் தவணை நின்றுபோனால்: நோட்டீஸ் முதல் ஏலம் வரை

கேள்வி: மூன்று மாதமாக இஎம்ஐ கட்டவில்லை. கணக்கு என்பிஏ ஆகிவிட்டதாம். இரண்டு தவணை கட்டினால் சரியாகிவிடுமா சார்?

ஆகாது. 90 நாளுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக் கடன், அதாவது என்பிஏ. அதன்பின் அசலும் வட்டியுமாக நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும். 90 நாள் தாண்டுமுன் மிகப் பழைய தவணையைக் கட்டினாலே என்பிஏ ஆவதைத் தள்ளிப்போடலாம். கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை அப்போதே கட்டிவிடுங்கள்.

கேள்வி: 13(2) நோட்டீஸ் வந்திருக்கிறது. வாங்காமல் திருப்பி அனுப்பலாமா? கோர்ட்டில் ஸ்டே கிடைக்குமா?

தயவுசெய்து திருப்பாதீர்கள். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டி, நாளிதழில் போட்டுவிடுவார்கள். நாள் நகரத்தான் செய்யும். இது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் வரும் நோட்டீஸ். அடமானச் சொத்தை எடுத்து விற்க வழி செய்யும் இந்தச் சட்டப்படி வங்கி நீதிமன்றம் போகாமலே நடவடிக்கையைத் தொடங்கலாம். கேட்கப்படுவது முழுக் கடன் தொகை, கெடு 60 நாள். சிவில் கோர்ட் இதில் தலையிட முடியாது. கடன் வசூல் தீர்ப்பாயமான டிஆர்டிக்கும் இந்தக் கட்டத்தில் போக முடியாது.

உங்களிடம் இருப்பது 13(3ஏ) பிரிவு. எழுத்துமூலமாக ஆட்சேபம் கொடுங்கள். கட்டிய தொகை வரவு வைக்கப்படவில்லை, வட்டிக் கணக்கு தவறு, என்பிஏ தேதி தவறு என எதுவானாலும் ரசீது, ஸ்டேட்மென்ட் நகலோடு ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு, சேர்ந்ததற்கான சான்றுடன் அனுப்புங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். தராமல் மேலே போனால் பின்னால் டிஆர்டியில் உங்களுக்கு அது பலமான வாதம். பலர் இந்த 60 நாளையும் மேனேஜரிடம் வாய்வார்த்தையிலேயே கழித்துவிடுகிறார்கள். வாய்வார்த்தைக்குச் சான்று கிடையாது.

கேள்வி: அதற்குள் வீட்டை நாங்களே விற்றுக் கடனை அடைக்கலாமா?

வங்கியின் எழுத்துமூல அனுமதியோடு விற்கலாம். அது இல்லாமல் விற்க, வாடகைக்கு விடச் சட்டம் தடை போடுகிறது. ஏல விலையை விட இதில் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும். முடிந்தவர்கள் இந்த வழியையே முதலில் பாருங்கள்.

கேள்வி: சுவரில் பொசஷன் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். உடனே காலி செய்ய வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் அது வங்கி வீட்டைக் காகிதத்தில் மட்டும் தன் வசம் எடுக்கும் சுவாதீனம்தான். 7 நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும், ஒன்று உள்ளூர் மொழியில். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட, வங்கிகள் வழக்கமாக 14-ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ உத்தரவு வாங்கி வருவார்கள்.

டிஆர்டிக்குப் போகும் 45 நாள் கெடு இப்போதுதான் தொடங்குகிறது. அங்கே எடுபடுவது நடைமுறைத் தவறு: 60 நாள் முடியுமுன் நடவடிக்கை, ஆட்சேபத்துக்குப் பதில் இல்லாமை, விளம்பரம் போடாதது. கஷ்டத்தை மட்டும் சொன்னால் ஸ்டே கிடைப்பது அரிது. அங்கே தோற்று மேல்முறையீடு போனால் கடனில் 50 சதவீதம் டெபாசிட் கட்ட வேண்டும். குறைத்தாலும் 25-க்குக் கீழே வராது.

கேள்வி: ஏலத்துக்கு முதல் நாள் பணத்தைக் கொண்டுபோனால் வீட்டை மீட்டுவிடலாம்தானே?

இந்த நம்பிக்கையில்தான் பலர் வீட்டை இழக்கிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முழுத் தொகையையும் செலவுகளோடு கட்டியாக வேண்டும். அந்த நாள் வந்துவிட்டால் மீட்கும் உரிமை முடிந்தது. உச்ச நீதிமன்றமும் 2023-இல் இதை உறுதி செய்தது. ஒரே தவணைத் தீர்வு, அதாவது பேசி முடிவு செய்த தொகையை மொத்தமாகக் கட்டிக் கடனை முடிப்பது, பேசுவதானால் அறிவிப்புக்கு முன் பேசி, தொகையும் கெடுவும் எழுதிய கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.

கேள்வி: ஏலத்தில் விற்றபின் கணக்கு எப்படி?

கடனும் செலவும் போக மிச்சம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். குறைந்தால் மீதிக்கு உங்கள்மீதும் ஜாமீன்தாரர்மீதும் டிஆர்டியிலோ உரிய நீதிமன்றத்திலோ வழக்கு வரும். அதனால் அடிப்படை விலை அடிமாட்டு விலையாக இருந்தால், வேறு மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு ஏலத்துக்கு முன்பே ஆட்சேபியுங்கள்.

கேள்வி: இந்தச் சட்டம் எல்லாக் கடனுக்கும் பொருந்துமா?

விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அசலும் வட்டியுமான தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகப் பாக்கி இருந்தாலும் பொருந்தாது. அப்போது வங்கி வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும்.