சிங்ஃபர்டில் யாருக்குப் போடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலை விசாவில் லண்டன் வந்து மூன்று வருடம் ஆகிறது. சிங்ஃபர்டில் குடியிருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் இந்திய பாஸ்போர்ட்தான். எங்களுக்கும் பொதுத்தேர்தலில் ஓட்டு உண்டு என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். நம்பலாமா? உண்டென்றால் எப்படி முடிவெடுப்பது? எனக்குப் பிடித்த கட்சி எங்கள் தொகுதியில் ஜெயிக்காது என்கிறார்கள். பிடித்தவருக்குப் போடுவதா, பிடிக்காதவரைத் தோற்கடிக்கப் போடுவதா? எங்கள் கவலை விசா விதிகளும் வரியும். தேர்தல் அன்று நாங்கள் இந்தியாவில் இருந்துவிட்டால் என்ன வழி என்பதையும் எழுதுங்கள்.

கே., சிங்ஃபர்ட்

அன்புள்ள கே.,

ஓட்டு உண்டு. செல்லுபடியாகும் விசாவோடு பிரிட்டனில் குடியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள் எல்லோருக்கும் உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் அடக்கம். பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரருக்கும் போலந்துக்காரருக்கும் பொதுத்தேர்தலில் ஓட்டு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பழைய பேரரசு விட்டுப்போனவற்றில் நமக்குப் பயன்படும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தானாகப் பட்டியலில் ஏறாது. அரசு இணையதளத்தில் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை (சமூகக் காப்பீட்டு எண்) கொடுத்துப் பதிய வேண்டும், ஐந்து நிமிட வேலை. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். நம் பெயர்களில்தான் சிக்கல் வரும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் இருந்தால் வாக்குச்சாவடியில் நிறுத்திக் கேட்பார்கள். பட்டியலில் சேர கடைசி நாள், வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பு. 2024இல் மே 22 அன்று தேர்தலை அறிவித்தார்கள், ஜூலை 4 வாக்குப்பதிவு, பதிவுக்குக் கெடு ஜூன் 18. அடுத்த தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் வந்தாக வேண்டும், ஆனால் தேதி பிரதமர் கையில். அதனால் இப்போதே பதிந்துவிடுங்கள். கடன் கேட்கும்போது வங்கி பார்க்கும் கிரெடிட் ஸ்கோருக்கும் அது நல்லது.

இனி யாருக்கு என்பது. டிவியில் இரண்டு தலைவர்கள் மோதுவதைப் பார்த்தால் பிரதமருக்கு ஓட்டுப் போடுவதுபோலத் தோன்றும். உங்கள் வாக்குச்சீட்டில் சிங்ஃபர்ட் – வுட்ஃபர்ட் கிரீன் தொகுதியின் வேட்பாளர்கள் மட்டுமே இருப்பார்கள். 650 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிக்கிறார், பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. நம் ஊர் முறையேதான். 2024இல் லேபர் கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கை வாங்கி 400க்கு மேல் இடங்களைப் பிடித்தது. 14 சதவீதம் வாங்கிய ரிஃபார்ம் கட்சிக்குக் கிடைத்தது 5 இடம். 12 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. வாக்கு எங்கே குவிந்தது என்பதில் இருக்கிறது சூட்சுமம். நார்ஃபோக்கில் ஒரு லேபர் வேட்பாளர் 26.7 சதவீதத்தை வைத்துக்கொண்டு முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸையே தோற்கடித்தார்.

உங்கள் தொகுதியோ பாடமாகவே வைக்கத் தக்கது. 2019இல் கன்சர்வேடிவ் கட்சியின் இயன் டங்கன் ஸ்மித், லேபரின் ஃபைஸா ஷாஹீனை வெறும் 1,262 வாக்கில் வென்றார். 2024இல் ஷாஹீனையே நிறுத்துவதாக இருந்த லேபர், தேர்தல் அறிவித்தபிறகு அவரை விலக்கி ஷாமா டாட்லரை நிறுத்தியது. ஷாஹீன் சுயேச்சையாக நின்றார். முடிவில் டங்கன் ஸ்மித்துக்கு 17 ஆயிரத்துச் சொச்சம். மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஏறக்குறைய 12,500; அவர்களுக்குள் இடைவெளி நூறுகூட இல்லை. நாடு முழுக்க லேபர் அலை அடித்த அன்று இங்கே கன்சர்வேடிவ் தப்பித்தது இப்படித்தான்.

ஆகவே ‘ஜெயிக்காது’ என்று யாராவது சொன்னால், போன முறை முடிவுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எந்த இரண்டு பேருக்கு இடையே போட்டி என்று பாருங்கள். வித்தியாசம் பத்துப் பதினையாயிரம் என்றால் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிடித்தவருக்கே போடலாம். உங்களுடையதுபோல் மூன்று முனை என்றால் கணக்குப் போடத்தான் வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, சுயேச்சைக்கு விழுந்த அந்தப் பன்னிரண்டரை ஆயிரம் அடுத்த முறை எங்கே போகும் என்பது. அது கட்சி வாக்கல்ல, ஆளுக்கு விழுந்த வாக்கு. அவர் நிற்காவிட்டால் அப்படியே லேபருக்குத் திரும்பும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ‘எம்ஆர்பி’ என்ற தொகுதிவாரிக் கணிப்புகள் நாடு முழுக்க எடுத்த கருத்துக்கணிப்பை உங்கள் தொகுதியின் வயது, படிப்பு, பழைய வாக்கு ஆகியவற்றின் மேல் பொருத்திப் பார்ப்பவை. இப்படி உள்ளூர்ச் செல்வாக்கோடு ஒருவர் நின்றால் அவை தடுமாறும்.

கதவிடுக்கில் வந்து விழும் நோட்டீஸ்களில் ‘இங்கே இருமுனைப் போட்டிதான்’ என்று பட்டை வரைபடம் போடுவார்கள். லிபரல் டெமாக்ரட்டுகள் இதற்குப் பேர்போனவர்கள், மற்றவர்களும் சளைத்தவர்கள் அல்ல. அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள்: கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தல் கணக்காக இருக்கும், அல்லது பட்டையின் உயரம் எண்ணுக்குப் பொருந்தாது.

மூன்றாவது இடத்துக்குப் போட்ட வாக்கு வீண் என்பதும் முழுக்கச் சரியல்ல. எதிர்க்கட்சிகளுக்கு நாடாளுமன்றம் தரும் ‘ஷார்ட் மணி’ என்ற நிதி, இடங்களோடு வாக்குகளையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. ஐந்து சதவீதம் தாண்டினால் வேட்பாளரின் 500 பவுண்டு டெபாசிட்டும் பிழைக்கும்.

விசா, வரி இரண்டும் பிரிட்டன் அரசின் கையில்; இதற்குக் கட்சியைத்தான் பார்க்க வேண்டும், வேட்பாளரை அல்ல. கொறடா உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலையைப் பாருங்கள்: குழந்தை உதவித்தொகை விஷயத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஏழு லேபர் உறுப்பினர்களை அந்தக் கட்சியே இடைநீக்கியது. விசா விதியிலோ நாடாளுமன்ற வாக்கெடுப்புகூடப் பெரும்பாலும் நடப்பதில்லை. வேலை விசாவுக்கான சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆனது, அடுத்த ஆண்டு 41,700 ஆனது. முன்னதைச் செய்தது கன்சர்வேடிவ் அரசு, பின்னதை லேபர் அரசு. அதனால் ‘இந்தக் கட்சி நமக்கு நல்லது’ என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல் தேர்தல் அறிக்கையின் சொற்களைப் படியுங்கள். உழைக்கும் மக்களின் வரியைக் கூட்டமாட்டோம் என்றது லேபர். பிறகு முதலாளிகள் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸை 13.8இலிருந்து 15 சதவீதமாக்கியது. சொல்லுக்குள் விட்டுவைத்த இடைவெளி அது.

ஆள் முக்கியமாகும் இடங்கள் இரண்டு. கருணைமரண மசோதாபோலக் கொறடா இல்லாத வாக்கெடுப்பு ஒன்று. இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது: விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடந்தால் ஹோம் ஆஃபீஸுக்கு (உள்துறை அமைச்சகம்) எழுதிக் கேட்பது எம்பியின் அலுவலகம். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று அங்கே கேட்கமாட்டார்கள்.

வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. இந்திய பாஸ்போர்ட் போதும், ஆதார் செல்லாது, இந்திய டிரைவிங் லைசென்ஸும் செல்லாது. ஒரே ஒரு பெருக்கல் குறி. கையெழுத்தோ பெயரோ எழுதினால் செல்லாத வாக்காகிவிடும். நோட்டா கிடையாது.

அன்று இந்தியாவில் இருக்கப் போகிறீர்கள் என்றால் தபால் வாக்கு வேண்டாம். சீட்டு சென்னைக்கு வந்து, வாக்குப்பதிவு நாள் இரவு பத்துக்குள் திரும்பிப் போய்ச் சேராது. உங்களுக்காகப் போட ‘ப்ராக்ஸி’யாக ஒருவரை நியமியுங்கள். அவருக்கும் ஓட்டுரிமை இருக்க வேண்டும், உங்கள் வாக்குச்சாவடிக்கு அவருடைய அடையாள அட்டையோடு போக வேண்டும். உங்களைப்போல் உள்நாட்டில் பதிந்த இரண்டு பேருக்குத்தான் ஒருவர் ப்ராக்ஸியாகலாம் என்பதால் நீங்களும் மனைவியும் ஒரே நண்பரிடம் கொடுத்தால் அவர் கணக்கு முடிந்தது. விண்ணப்பம் வாக்குப்பதிவுக்கு ஆறு வேலைநாள் முன்பு மாலை 5 மணிக்குள் கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும்.