முள்ளு எங்கை?

வணக்கம் ஐயா,

உங்கட எழுத்தைக் கனகாலமா வாசிக்கிறன், எழுதுறது இதுதான் முதல்தரம். என்ர மகளுக்கு 14 வயசு, சைக்கிள் ஓட்டப் போட்டியெண்டா உயிர். போன வருசம் ஒரு பழைய கியர் ரேஸ் சைக்கிள் வாங்கிக் குடுத்தனாங்கள். ரியூசனுக்குப் போறதும் அதிலைதான், விடியப் பண்ணைப் பாலத்தாலை தீவுப்பக்கம் ஓடிப் பழகிறதும் அதிலைதான். இந்த வருசம் மூண்டு போட்டி ஓடினவள், மூண்டும் போச்சு. முதலாவதிலை செயின் கழண்டுது. ரெண்டாவதிலையும் செயின்தான், பின்சில்லுக் கம்பிக்குள்ளை போய்ச் சிக்கிக்கொண்டுது. மூண்டாவதுக்கு முதல்நாள் சில்லிலை காத்தில்லை எண்டு இவர் கடையிலை குடுத்துப் புது ரியூப்பே போட்டுக்கொண்டு வந்தவர், அப்பிடியிருந்தும் பாதி வழியிலை காத்துப் போட்டுது. ஒவ்வொரு முறையும் பிள்ளை அழுதுபோட்டுப் படுத்திருக்கேக்கை இவர் சைக்கிளைக் கொண்டுபோய்த் திருத்தி, துடைச்சு, பழையபடி விறாந்தையிலை கொண்டுவந்து வைச்சிடுவார், எழும்பிப் பாத்து மனம் உடையக்கூடாது எண்டு. முதல் போட்டியிலை இவள் றோட்டுக்கரையிலை நிண்டு செயினோடை மல்லுக்கட்ட, கூடப் பழகிற பிள்ளையே பாத்துக்கொண்டு தாண்டிப் போனவள், அதை நினைச்சுத்தான் கூட அழுகிறாள். இப்ப இவரே நிப்பாட்டச் சொல்லுறார், ஓ லெவலும் வருது எண்டு. லோன் எடுத்தெண்டாலும் புதுச் சைக்கிள் வாங்கிக் குடுக்கட்டோ? பிள்ளையை எப்பிடித் தேத்துறது?

(பெயர் போடவேண்டாம்)
கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சி,

எனக்கு வாற கடிதம் எல்லாத்துக்கும் நான் பதில் எழுதுறேல்லை. உங்கடைக்கு எழுதுறதுக்குக் காரணம், கொஞ்சநாளா இதே விசயம் என்ர மண்டைக்குள்ளை ஓடிக்கொண்டிருந்தது. எங்கட ஒழுங்கையாலை ஒரு பெடியன், மீசை அரும்பின பெடியன், செயின் கழண்ட சைக்கிளை உருட்டிக்கொண்டு போறான், மற்றக் கையிலை போன், தேப்பனை வரச்சொல்லுறான். செயின் கழண்டதுக்கு! கையிலை கொஞ்சம் கறுப்புப் பிரளும், அவ்வளவுதானே. கேக்கவேணும் போலை இருந்தது, கேட்டா இந்தக் கிழவனுக்கு என்ன வேலையெண்டு நினைப்பான், விட்டிட்டன். இப்ப நீங்கள் வந்து மாட்டுப்பட்டிட்டியள்.

முதல்லை சின்ன விசயங்களை முடிச்சுவிடுறன். ஓ லெவலைப் பற்றி என்னட்டைக் கேக்காதேங்கோ. சைக்கிள் ஓடினாப் பெயில் எண்டா யாழ்ப்பாணத்திலை ஒருத்தரும் பாஸ் பண்ணியிருக்கேலாது. அந்த மற்றப் பிள்ளை தாண்டிப் போனதும் பெரிய பாவமில்லை. ரூர் டி பிரான்ஸ் எண்ட பெரிய சைக்கிள் ஓட்டத்திலை, 2010இலை, போர்ட் டி பலே எண்ட மலையிலை, முன்னுக்கு நிக்கிறவருக்குக் குடுக்கிற மஞ்சள் பனியனோடை இருந்த அன்டி ஸ்லெக்குக்குச் செயின் கழண்டுபோச்சு, அவரோடை போட்டிபோட்ட கொன்டடோர் நிக்காமல் போயிட்டார், அண்டைக்கு ஸ்லெக்கைவிட 39 செக்கன் முன்னுக்கு வந்தவர். கடைசியிலை பாரிசிலை ரெண்டுபேருக்கும் இருந்த வித்தியாசமும் அதே 39 செக்கன்தான். சனம் கூச்சல் போட்டுது, அவர் மன்னிப்பும் கேட்டவர், பிறகு ஊக்கமருந்துப் பிரச்சினையிலை 2012இலை அந்த வெற்றியையே அவரிட்டை இருந்து பறிச்சு ஸ்லெக்குக்குக் குடுத்தது வேறை கதை. ஆனா நிண்டிருக்கவேணுமோ இல்லையோ எண்டு இண்டைக்கும் சனம் சண்டைபிடிக்குது. பெரிய மனுசருக்கே தீராத வழக்கை 14 வயசுப் பிள்ளையின்ர தலையிலை கட்டாதேங்கோ. அவளும் குழந்தைதான், வெல்ல ஆசைப்பட்ட குழந்தை. நாளைக்கு உங்கட பிள்ளைக்கு அவதான் கூட ஓட வேணும்.

தேத்துறதைப் பற்றி. அழட்டும், விடுங்கோ. “அடுத்தமுறை வெல்லலாம்” எண்டு சொல்லாதேங்கோ, அது உங்களுக்குத் தெரியாது, அவவுக்கும் தெரியும் உங்களுக்குத் தெரியாதெண்டு. “இதெல்லாம் ஒரு விசயமோ” எண்டும் சொல்லக்கூடாது. விடியக்காலமை நாலரைக்கு எழும்பி வாடைக் காத்துக்கையும் சோளகத்துக்கையும் பண்ணைப் பாலத்திலை மிதிக்கிற பிள்ளைக்கு அது விசயம்தான். போட்டி முடிஞ்சு வரேக்கை ஒண்டும் கதைக்காமல் வாங்கோ, நல்லூரடியிலை நிப்பாட்டி ஐஸ்கிறீம் குடிக்கக் குடுங்கோ, வீட்டை வந்து குளிச்சுச் சாப்பிட்டு நித்திரை கொள்ளட்டும். இந்தளவும் நீங்கள் சொல்லாமலே செய்யிற ஆள்தான் எண்டு கடிதத்திலை தெரியுது.

இனித்தான் ஏச்சு.

பிள்ளை படுத்திருக்கேக்கை சைக்கிளைக் கொண்டுபோய்த் திருத்தி வைக்கிறதெண்டா, என்ன கூத்து அது? அன்புதான், விளங்குது. அழுதுகொண்டு படுத்த பிள்ளையின்ர கணக்குக் கொப்பியைத் தேப்பன் இருந்து செய்து பைக்குள்ளை வைச்ச மாதிரியான அன்பு. பிள்ளை எழும்பி வந்து பாக்கேக்கை சைக்கிள் பளபளக்குது, நேற்று என்ன நடந்ததெண்டு அதிலை ஒரு தடயமும் இல்லை. அப்ப அவ என்ன நினைப்பா? தன்ர விதி எண்டு நினைப்பா, இல்லாட்டி தனக்கு ராசியில்லை எண்டு நினைப்பா. மூண்டு தரம் நடந்தாப்பிறகு தேப்பனுக்கே அப்பிடித் தோன்றித்தானே நிப்பாட்டச் சொல்லுறார்?

நான் உங்கட சைக்கிளைக் கண்டதில்லை, ஆனா கடிதத்தை ரெண்டுதரம் வாசிச்சன், நீங்கள் எழுதினதிலையே விடை கிடக்குது. ரியூசனுக்கும் அதே சைக்கிள். எங்கட ரியூசன் வாசல் எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும், நிரையா விட்ட சைக்கிளிலை ஆரோ அவசரத்திலை ஒண்டை இழுக்க முழு நிரையும் சரியும், பிறகு ஒண்டுக்கை ஒண்டு கொழுவினதுகளை இழுத்து இழுத்துப் பிரிப்பினம். பின்னாலை கியர் தொங்கிக்கொண்டிருக்கிற இடத்திலை ஒரு குட்டித் துண்டு இருக்கு பாருங்கோ, வலப்பக்கம், பிறேமோடை பூட்டினபடி. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தா பிறேம் தப்பவேணும், இது வளையட்டும் எண்டே அதை மெலிசாச் செய்யிறவை. அது ஒரு நூலளவு உள்ளுக்கு வளைஞ்சாலே காணும், நடுப்பல்லுகளிலை ஓடேக்கை ஒண்டும் தெரியாது, கொஞ்சம் கரகரக்கும், ஆனா ஆகப் பெரிய பல்லுக்கு மாத்தேக்கை செயின் அந்தப் பல்லையும் தாண்டிக் கம்பிக்குள்ளை விழும். உங்கட ரெண்டாவது போட்டி. முதலாவதும் அதாத்தான் இருக்கவேணும். கடைக்காரர் பாவம், செயினை மாட்டி, கியரின்ர குட்டி ஸ்குறூவைக் கொஞ்சம் திருகிக் குடுத்திருப்பார், அவரிட்டை “செயின் கழண்டிட்டுது” எண்டுதானே சொன்னது. எங்கை, எந்தக் கியர், அந்தநேரம் எழும்பி நிண்டு மிதிச்சதோ, என்ன சத்தம் கேட்டது, இதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் வீட்டிலை குப்புறப் படுத்து அழுதுகொண்டு கிடந்தது!

மூண்டாவது இன்னும் மோசம். காத்தில்லை, புது ரியூப் போட்டது, திரும்பக் காத்துப் போனது. தங்கச்சி, பழைய ரயருக்குள்ளை ஆர் கைவிட்டுத் தடவிப் பாத்தது? நெருஞ்சி முள்ளு ரயருக்குள்ளை நிண்டா வெளியாலை தெரியாது, ரியூப்பை எத்தினைதரம் மாத்தினாலும் அது நிண்ட இடத்திலை நிண்டு குத்தும். புது ரியூப்புக்குக் காசு குடுத்த ஆளும், போட்ட ஆளும், ஓடின ஆளும் மூண்டுபேர். மூண்டுபேருக்கும் முள்ளு எங்கையெண்டு தெரியாது.

உந்தக் கேள்வி என்ரையில்லை. 90க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்திலை எங்கட சந்தியிலை ஒரு சைக்கிள்கடை அப்பு இருந்தவர். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சைக்கிளைக் கவிட்டுவைச்சு டைனமோவைச் சுத்திச் சுத்தி றேடியோச் செய்தி கேட்ட காலம், குடாநாடு முழுக்க சைக்கிளிலைதான் ஓடினது, கல்யாணமும் செத்தவீடும் கரியரிலைதான் போனது. ஒட்டுப்போடுற சொலுசன் அவருக்குத் தங்கம். பெரியாக்கள் போனா ஒட்டிக் குடுப்பார், பிள்ளையள் போனாத் தொடமாட்டார், தண்ணிச் சட்டியைக் காலாலை தள்ளிவிடுவார், நாங்களே ரியூப்பைக் கழட்டித் தண்ணிக்குள்ளை அமத்திக் குமிழி வாற இடத்தைப் பிடிக்கவேணும். பிடிச்சுக்கொண்டு போனா, ஓட்டையைப் பாக்கவே மாட்டார், “முள்ளு எங்கை?” எண்டுதான் கேப்பார். முள்ளைக் கொண்டுபோய் அவற்றை உள்ளங்கையிலை வைச்சாத்தான் ஒரு சொட்டுச் சொலுசன் விழும். முள்ளில்லாமல் வந்தவனை அழ அழத் திருப்பி அனுப்பினவர். பொல்லாத மனுசன், அவர் எங்களுக்குப் பாடம் சொல்லித்தர அப்பிடிச் செய்தவர் எண்டெல்லாம் நான் சொல்லமாட்டன், சொலுசன் வீணாப்போகக்கூடாது எண்டதுதான் அவற்றை கவலை.

அவரிட்டைப் பழகினதிலை கெட்டிக்காரி எங்கட அக்கா. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தாலை தென்மராட்சிக்கு நடந்தது, உங்கட வீட்டிலையும் கதை இருக்கும். மழை. அக்காவின்ர சைக்கிளிலை அரிசி மூட்டையும் அம்மம்மாவின்ர பொட்டளியும், நடுவழியிலை செயின் முறிஞ்சுபோச்சு. உருட்டலாம்தான், ஆனா பாலம் தாண்டினாப்பிறகு அந்தச் சைக்கிளிலைதான் எல்லா ஓட்டமும் ஓடவேணும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்பா குனிஞ்சவர், அக்கா “விடுங்கோ அப்பா” எண்டு சொல்லிப்போட்டு றோட்டுக்கரையிலை குந்தி, ஒரு கல்லும் ஆணியும் வைச்சு முறிஞ்ச சோடிக் கண்ணியைத் தட்டிக் கழட்டி, மிச்சத்தைப் பூட்டி, பின்சில்லை முன்னுக்குத் தள்ளி இறுக்கினவ. பின்னாலை வந்த ஆரோ லாந்தர் பிடிச்சினம். அப்பா குடையை அக்காவின்ர தலைக்குப் பிடிக்கேல்லை, செயினுக்குப் பிடிச்சவர். சனம் எங்களைச் சுத்திப் போய்க்கொண்டேயிருந்தது. அக்காவுக்கு அப்ப 15 வயசு, உங்கட மகளைவிட ஒரு வயசு கூட. இப்ப ரொறொன்ரோவிலை இருக்கிறா, மகன்ர சைக்கிளுக்குக் காத்துப் போனாக் கடைக்குக் கொண்டுபோறாவாம். ஏனெண்டு கேட்டா, “உனக்கென்ன, இஞ்சத்தைக் குளிருக்கை விரல் மடங்காது” எண்டுறா.

இதைச் சொன்ன உடனை, அந்தக் காலத்துப் பிள்ளையள் போலை இந்தக் காலத்துப் பிள்ளையள் இல்லை எண்டு நான் புலம்புறன் எண்டு நினைக்காதேங்கோ. அந்தக் காலம் திரும்பி வரவும் வேண்டாம். யூஜின் கிறிஸ்தோப் எண்டு ஒரு பிரெஞ்சுக்காரர், 1913 ரூர் டி பிரான்ஸிலை ரூர்மலே மலையாலை இறங்கேக்கை முன்சில்லைப் பிடிச்சிருக்கிற போர்க் முறிஞ்சுபோச்சு. பத்துக் கிலோமீற்றருக்கு மேலை சைக்கிளைச் சுமந்து நடந்து, கீழை ஊரிலை ஒரு கொல்லன் பட்டறையிலை தானே இரும்பைக் காச்சி ஒட்டினவர், மணித்தியாலக் கணக்கிலை. ஆரும் உதவி செய்யக்கூடாது எண்டது அப்பத்தைச் சட்டம், அதிகாரிமார் பக்கத்திலை நிண்டு பாத்தவை, துருத்தி ஊதிக் குடுத்த சின்னப் பெடியனுக்காக 10 நிமிசம் தண்டம் போட்டு, பிறகு 3 ஆக்கினவை. 1919இலை முதல்முதல் மஞ்சள் பனியன் போட்டவரும் அவர்தான், அந்த முறையும் போர்க் முறிஞ்சது, 1922இலை இன்னொருக்கா. ஒருக்காலும் அந்த ஓட்டத்தை வெல்லேல்லை. மொக்குச் சட்டம் அது. இப்ப ரூர் ஓடுறவனுக்குப் பின்னாலை கார் நிறையச் சில்லு வருது, வரட்டும். போட்டியிலை பிள்ளைக்கு உதவிக்கு ஆள் நிக்க விட்டா ஓடிப்போய் உதவுங்கோ, நான் குறுக்கை நிக்கேல்லை. நான் கேக்கிறது போட்டி முடிஞ்ச பிறகு.

ஒண்டு மட்டும் பாருங்கோ. உலக சைக்கிள் சங்கம் வட்டத் தடத்திலை ஓடுற ஓட்டங்களுக்கு ஒரு சட்டம் வைச்சிருக்கு. ரியூப் போனது, தள்ளுப்பட்டு விழுந்தது, முக்கியமான பாகம் ஒண்டு முறிஞ்சது எண்டா அதைத் தடங்கல் எண்டு ஏற்பினம், போட்டியைப் பொறுத்து ஒரு சலுகையும் கிடைக்கும். நட்டு சரியா இறுக்கேல்லை, சரியாப் பூட்டேல்லை எண்டா ஏற்கமாட்டினம், அது உன்ர பாடு. உங்கட மகளிட்டை மூண்டு போட்டியையும் இந்தச் சட்டத்திலை வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. எதிலை ஏற்பினம், எதிலை மாட்டினம் எண்டு அவவே சொல்லுவா, நீங்களும் நானும் சொல்லுறதைவிட நல்லாச் சொல்லுவா. அழுகை பாதியும் அங்கை நிண்டிடும், ஏனெண்டா ராசியில்லாத பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை, துண்டு வளைஞ்ச சைக்கிளுக்குச் செய்ய வேலை இருக்கு.

சரி, லோன். எடுக்காதேங்கோ. புதுச் சைக்கிளும் ரியூசன் வாசலிலைதான் நிக்கப்போகுது, விழப்போகுது. ரியூசனுக்கு ஒரு பழைய லுமாலாச் சைக்கிளைத் தேடிக் குடுங்கோ. ரேஸ் சைக்கிளின்ர அந்தத் துண்டு அலுமினியமெண்டா அதே அளவிலை புதுசு வாங்கி மாத்துங்கோ, சில பழைய இரும்புப் பிறேமிலை அது பிறேமோடையே சேந்திருக்கும், அதெண்டா விசயம் தெரிஞ்ச ஆளிட்டைக் குடுத்துப் பக்குவமா நிமித்தலாம். பிள்ளையும் கூடப் போகவேணும், ஸ்ரூலிலை இருந்து போன் நோண்டாமல் பக்கத்திலை குந்தியிருந்து பாக்கவேணும். பண்ணையாலை வந்தா உப்புக்காத்து செயினைத் தின்னும், துணியாலை துடைச்சு, சைக்கிள் செயின் ஒயில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைச்செடுக்கவேணும், தேங்காயெண்ணெய் வேண்டாம், கழிவு ஒயில் வேண்டவே வேண்டாம், மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கும். இதெல்லாம் மகள் செய்யட்டும். உங்கட மனுசனுக்குச் சும்மா நிக்கக் கஸ்ரமா இருக்கும், நல்ல மனுசன், லைற்றைப் பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ. ஓட்டத்தை நிப்பாட்டுறதெண்டா அதை மகள் சொல்லட்டும், அவர் சொல்லவேண்டாம்.

அந்த மூண்டாவது போட்டியிலை போட்ட ரயர் இன்னும் வீட்டிலை கிடந்தா எறிஞ்சுபோடாதேங்கோ. பிள்ளையை உள்ளுக்குக் கைவிட்டு மெதுவாத் தடவச் சொல்லுங்கோ, முள்ளுக் குத்தும், பறவாயில்லை. கிடைச்சுதோ இல்லையோ எண்டு எனக்கு எழுதச் சொல்லுங்கோ. நீங்கள் எழுதவேண்டாம், அவ எழுதட்டும்.